க்ளவுஸ் போட்ட கைக்கு ஒரு வெப்சைட்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். வேற யாரோ பண்ணின தப்பு இல்ல, நான் பண்ணினது.

சில வருஷத்துக்கு முன்னாடி, உயிரியல் ஆய்வகங்களுக்கு ஒரு ஆன்லைன் டூல் உருவாக்குற டீம்ல டிசைனரா இருந்தேன். என்ன டூல்னா, லேப் நோட்புக்கோட டிஜிட்டல் வடிவம்னு வச்சுக்கங்க. இன்னைக்கு என்ன பரிசோதனை, எந்த டியூப்ல என்ன ஊத்தினோம், எவ்வளவு நேரம் வச்சோம், என்ன ரீடிங் வந்துச்சு, எல்லாத்தையும் பேப்பர்ல எழுதுறதுக்குப் பதிலா பிரவுசர்லயே எழுதலாம். ஸ்கிரீன் எல்லாம் பார்க்க ரொம்ப நல்லா இருந்துச்சு. போர்ட்ஃபோலியோவுல போடுற மாதிரி. போட்டும் இருந்தேன்.

டூல் வெளியாகி சில வாரம் கழிச்சு, அதைப் பயன்படுத்துற ஒரு லேபுக்குப் போனேன். அங்க பிஎச்டி மூணாவது வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு. பேர் வேண்டாம். காலையில ஏழு மணிக்கே வந்து வேலையை ஆரம்பிச்சிருக்காங்க. பன்னெண்டு டியூப். மூடி மேல 1-ல இருந்து 12 வரைக்கும் நம்பர் மட்டும். எந்த நம்பர்ல எந்த மருந்து, எவ்வளவுன்னு வரிசையா நம்ம டூல்ல டைப் பண்ணியிருக்காங்க. அப்புறம் டியூப்களை 37 டிகிரி இன்குபேட்டர்ல ஒரு மணி நேரம் வைக்கணும். வச்சுட்டு, க்ளவுஸைக் கழட்டிப் போட்டுட்டு, சாப்பிடப் போயிட்டு வந்தாங்க. மவுஸை அசைச்சாங்க. "உங்கள் செஷன் முடிந்துவிட்டது, மீண்டும் லாகின் செய்யவும்" அப்படின்னு ஒரு பெட்டி. லாகின் பண்ணினா ஃபார்ம் காலி.

நான் பக்கத்துல நின்னுட்டு இருக்கேன்.

அவங்க என்னைத் திட்டல. "பரவால்ல அக்கா, கொஞ்சம் டிஷ்யூ பேப்பர்ல எழுதியிருக்கேன்"னு சொல்லி மேசையில தேடினாங்க. அதுல ஆறு டியூபுக்குத்தான் விவரம் இருந்துச்சு. மீதி ஆறு? க்ளவுஸோட பின்பக்கத்துல மார்க்கர்ல எழுதி வச்சிருந்தாங்க. டூல்லதான் ஏத்திட்டோமேங்கிற நம்பிக்கையில அந்தக் க்ளவுஸ் குப்பைப் பைக்குள்ள போயிடுச்சு. அந்தப் பைக்குள்ள கையை விட்டுத் தேடக்கூடாது, அது ஆய்வகக் கழிவு. எந்த டியூப்ல என்ன இருக்குன்னு தெரியாத பன்னெண்டு டியூப்பை வச்சுக்கிட்டு என்ன பண்ண முடியும்? ரெண்டு வாரம் வளர்த்த செல்கள். எல்லாத்தையும் கொட்டினாங்க.

அந்த டைம்-அவுட் 15 நிமிஷம். அதை முடிவு பண்ணினது நான்தான். மீட்டிங்ல கேட்டாங்க, "பேங்க் சைட்ல அஞ்சு நிமிஷம்தான் விடுறான், நாம பதினஞ்சு விடுவோம், தாராளம்"னு சொன்னேன். லேப்ல ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவுல சாதாரணமா எவ்வளவு நேரம் காத்திருப்பாங்கன்னு யாரும் யோசிக்கல. அரை மணி, ஒரு மணி, சில சமயம் ராத்திரி முழுக்க. அவங்க வேலையில பாதி காத்திருக்கிறதுதான்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.

யூசர்-சென்டர்டு டிசைன்னு ஒரு வார்த்தை எங்க துறையில எல்லாருக்கும் வாய்ப்பாடம். டொனால்டு நார்மனும் ஸ்டீபன் டிரேப்பரும் சேர்ந்து தொகுத்த புத்தகம் 1986-ல் வெளியானது, அதுலேர்ந்துதான் இந்தச் சொல் பரவலாச்சு. பயன்படுத்துறவரை மையமா வச்சு வடிவமைக்கணும், அவ்வளவுதான் விஷயம். சொல்றது சுலபம். ஆனா அறிவியல் ஆய்வாளர்களுக்கான டூல்கள்ல இது எவ்வளவு தூரம் தவறிப் போகலாம்ங்கிறதுக்கு, என் கதையை விடப் பெரிய கதை ஒண்ணு இருக்கு. அதைச் சொல்றேன். கேட்டா சிரிப்பு வரும், அப்புறம் கொஞ்சம் பயமும் வரும்.

மனுஷங்களோட மரபணு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுருக்கப் பேர் உண்டு. செப்டின்னு ஒரு புரதக் குடும்பம் இருக்கு, செல் ரெண்டா பிரியுற வேலையில உதவுற புரதங்கள். அதுக்கான மரபணுக்களுக்கு செப்ட்1, செப்ட்2, செப்ட்3 அப்படின்னு பேர் வச்சிருந்தாங்க. இன்னொரு குடும்பத்துக்கு மார்ச்1, மார்ச்2. தனியா டெக்1-னு ஒண்ணு. இப்போ எக்செல்லைத் திறந்து, ஒரு கட்டத்துல ஆங்கிலத்துல செப்ட்2-ன்னு அடிச்சு என்டர் தட்டுங்க. அது மரபணு இல்ல, செப்டம்பர் 2 ஆயிடும். மார்ச்1, மார்ச் முதல் தேதி. டெக்1, டிசம்பர் முதல் தேதி.

சரி, தெரியாம மாறிடுச்சு, திரும்ப எழுத்தா மாத்திடலாம்னு பார்த்தீங்கன்னா, அஞ்சு இலக்கத்துல ஒரு நம்பர் வந்து நிக்கும். ஏன்னா எக்செல் உள்ளுக்குள்ள தேதியை, 1900-ல இருந்து எத்தனாவது நாள்ங்கிற எண்ணாத்தான் வச்சிருக்கு. நீங்க அடிச்ச பேர் அங்க இல்லவே இல்ல. எந்த எச்சரிக்கையும் வராது. 20,000 வரிசை இருக்குற ஷீட்ல நடுவுல எங்கேயோ நாலஞ்சு கட்டம் இப்படி மாறியிருந்தா, யார் உட்கார்ந்து ஸ்க்ரோல் பண்ணிப் பார்ப்பா?

இது புதுசா கண்டுபிடிச்ச பிரச்சினையும் இல்ல. 2004-லயே, அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்து ஆய்வாளர்கள் அடங்கிய ஒரு குழு, இதை பிஎம்சி பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இதழ்ல எழுதி எச்சரிச்சாங்க. அவங்க இன்னொரு வகையையும் காட்டினாங்க. ஜப்பானோட ரிக்கென் நிறுவனம் மரபணுத் துண்டுகளுக்குக் கொடுத்த அடையாள எண்கள்ல, இலக்கங்களுக்கு நடுவுல ஆங்கில எழுத்து ‘இ’ வரும். உதாரணமா 2310009இ13. எக்செல் அதைப் பார்த்து, ஓ, இது பத்தின் அடுக்குல எழுதின பெரிய எண்ணுன்னு முடிவு பண்ணி, 2.31இ+19 ஆக்கிடும். கடைசி இலக்கங்கள் பார்வையில இருந்தே போயிடும்.

2016-ல் ஆஸ்திரேலியாவில் மார்க் ஸீமன் தலைமையிலான குழு, 18 ஆய்விதழ்கள்ல 2005-ல இருந்து 2015 வரைக்கும் வந்த கட்டுரைகளோட இணைப்புக் கோப்புகளை ப்ரோக்ராம் எழுதி அலசினாங்க. எக்செல்ல மரபணுப் பட்டியல் இணைச்சிருந்த 3,597 கட்டுரைகள்ல 704-ல் இந்தப் பிழை இருந்துச்சு. கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணு! எல்லாரும் பேசினாங்க, செய்தியாச்சு. அப்போ குறைஞ்சிருக்கணும் இல்லையா? 2021-ல் அதே ஸீமன் இன்னும் பெரிய அளவுல ஒரு அலசல் வெளியிட்டார். பிழை உள்ள கட்டுரைகள் சுமார் 31 சதவீதம்.

இங்கதான் நான் கவனிக்கச் சொல்ற இடம். இவ்வளவு நடந்தும், முதல்ல மாறினது யார்? எக்செல் இல்ல. மரபணு! மனித மரபணுக்களுக்குப் பேர் வைக்கிற ஹெச்.ஜி.என்.சி. குழு 2020-ல் புது வழிகாட்டுதல் வெளியிட்டு, பேரையே மாத்திட்டாங்க. செப்ட்1 இப்போ செப்டின்1. மார்ச்1 இப்போ மார்ச்எஃப்1. டெக்1 இப்போ டெலெக்1. ஒரு வருஷத்துல இப்படி சுமார் 27 மரபணுக்களுக்குப் புதுப் பேர். மைக்ரோசாஃப்ட், தானா மாத்துற அந்தப் பழக்கத்தை நிறுத்திக்கிற ஒரு செட்டிங்கை எல்லாருக்கும் கொடுக்க ஆரம்பிச்சது 2023-ல். அதுவும் நீங்களா போய்த் தேடி நிறுத்தணும்.

செருப்பு சேரலைன்னு காலை வெட்டிக்கிட்ட மாதிரின்னு எங்க பாட்டி சொல்வாங்க. ஆனா ஹெச்.ஜி.என்.சி. மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்க பண்ணினது நடைமுறை அறிவு. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் எக்செல்லைத்தான் திறக்கப் போறாங்க, "திறக்காதீங்க"ன்னு 2004-ல இருந்து சொல்லியாச்சு, யாரும் கேக்கல. அப்போ பேரை மாத்துறது ஒரு நல்ல டிசைன் முடிவுதான். எக்செல்லும் அதோட சொந்தப் பயனாளிகளுக்குத் தப்பு பண்ணல. கணக்கு எழுதுற ஆளுக்கு, "செப் 2"-ன்னு அடிச்சா தேதியாகுறது உதவி. அதே உதவி இன்னொருத்தருக்கு எலி கடிச்ச மூட்டை மாதிரி ஆயிடுது. ஒரு டூலை யாரை மனசுல வச்சு செஞ்சாங்களோ, அவங்க இல்லாத ஒருத்தர் கைக்கு அது போகும்போது நடக்குறது இது.

சரி, ஒரே புலம்பலா இருக்கு. நல்லா செஞ்ச ஒண்ணைச் சொல்றேன்.

பிளாஸ்ட். உயிரியல் படிச்சவங்களுக்கு இது கூகுள் மாதிரி. ஒரு டி.என்.ஏ. வரிசையைக் கொடுத்தா, உலகத்துல இதுவரைக்கும் சேமிச்சு வச்சிருக்குற வரிசைகள்ல எதோட எல்லாம் ஒத்துப்போகுதுன்னு காட்டும். 1990-ல் இதோட முதல் கட்டுரை வந்துச்சு. அமெரிக்க அரசோட என்.சி.பி.ஐ. மையம் இதை இணையத்துல இலவசமா நடத்துது. பார்க்க அழகா இருக்கான்னு கேட்டா, இல்லன்னு தயங்காம சொல்வேன். எங்க டிசைன் காலேஜ் ஆளுங்க யாராவது பார்த்தா உடனே ரீடிசைன் பண்ணிக் காட்டணும்னு கை துறுதுறுக்கும்.

ஆனா அந்தப் பக்கத்துல மேல இருக்குற பெட்டியைப் பாருங்க. அங்க வரிசையை ஒட்டணும். ஆய்வாளர் அதை எங்கிருந்து காப்பி பண்ணுவார்? பெரும்பாலும் ஜென்பேங்க் தரவுத்தளத்துப் பக்கத்துல இருந்து. அந்தப் பக்கத்துல வரிசை பத்துப் பத்து எழுத்தா இடைவெளி விட்டு இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஆரம்பத்துல 1, 61, 121-னு எண் இருக்கும். அப்படியே இழுத்துக் காப்பி பண்ணினா, எண்ணும் இடைவெளியும் சேர்ந்தே வரும். நாங்க டிசைன் பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்போம்? சிவப்புல ஒரு வரி: "தவறான எழுத்துகள் உள்ளன. சரியான வரிசையை உள்ளிடவும்." பிளாஸ்ட் அப்படிக் கேக்காது. எண்ணையும் இடைவெளியையும் தானே தள்ளிட்டு, எழுத்தை மட்டும் எடுத்துக்கும். வரிசையே வேண்டாம், அதோட பதிவு எண் மட்டும் தெரியும்னா அதைப் போட்டாலும் போதும். ஒரே பெட்டி.

இன்னொண்ணு. தேடல் முடிய நேரம் ஆகும்னு அதுக்குத் தெரியும். அதனால உங்க தேடலுக்கு ஒரு எண் கொடுத்துடும். டேப்பை மூடிட்டுப் போங்க, கம்ப்யூட்டரை அணைச்சுட்டுப் போங்க, அன்னைக்குச் சாயந்திரம் அந்த எண்ணைக் கொடுத்தா முடிவு இருக்கும். காத்திருக்கிறது வேலையோட ஒரு பகுதின்னு இதைச் செஞ்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல.

(ஒரு சின்னக் குறை சொல்லட்டுமா? பிளாஸ்ட் முடிவுகளைக் காட்டுற பழைய படத்துல, சிவப்பு நிறம்னா மிக நல்ல பொருத்தம். ரொம்ப மோசமானதுக்குக் கறுப்பு. முதல் தடவை பார்க்கிற மாணவர் சிவப்பைப் பார்த்துப் பதறிப்போறதை நானே பார்த்திருக்கேன்.)

அந்த டைம்-அவுட் சம்பவத்துக்கு அப்புறம், எங்க டீம்ல ஒரு விஷயம் கேட்டு வாங்கினேன். மாசத்துல ரெண்டு நாள் லேப்ல நிக்கணும். பேட்டி எடுக்க இல்ல, நிக்க. ரெண்டும் வேற. பேட்டியில "டூல் எப்படி இருக்கு?"ன்னு கேட்டா, நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. பொய் சொல்றாங்கன்னு இல்ல. அவங்களோட கஷ்டம் அவங்களுக்கே பழகிப்போய், கஷ்டமாவே தெரியாது. ஹ்யூ பேயர், கேரன் ஹோல்ட்ஸ்பிளாட்னு ரெண்டு பேர் 1998-ல் எழுதின புத்தகம் ஒண்ணு இதைத்தான் சொல்லுது: போய் அவங்க வேலை செய்யுற இடத்துல, பட்டறையில தொழில் கத்துக்க வந்த பையன் மாதிரி நில்லு. அவங்க மேஸ்திரி, நீ எடுபிடி. புரியலைன்னா அங்கயே, அந்த நிமிஷமே கேளு.

அப்படி நின்ன முதல் நாளே எனக்குக் கிடைச்ச அடி, ஒரு கால்குலேட்டர்.

எங்க டூல்ல பிசிஆர் கணக்குப் போடுற ஒரு பகுதி இருந்துச்சு. பிசிஆர்னா, டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்குற முறை. கோவிட் நேரத்துல எல்லாரும் மூக்குல குச்சி விட்டுக் கொடுத்தோமே, அதுல நடந்தது இதோட ஒரு வகைதான். அதுக்குச் சின்ன டியூப்ல நாலஞ்சு திரவத்தைச் சரியான அளவுல கலக்கணும். எங்க டூல்கிட்ட "மொத்தம் 25 மைக்ரோலிட்டர் வேணும், ப்ரைமர் 100 மைக்ரோமோலார்ல இருக்கு, கடைசியில 0.5 மைக்ரோமோலார் வேணும்"னு சொன்னா, அது சொல்லும்: ப்ரைமர் 0.125 மைக்ரோலிட்டர் எடுக்கவும். கணக்கு நூத்துக்கு நூறு சரி. டெவலப்பர் மூணு தசமம் வரைக்கும் காட்டினதுல எங்களுக்கெல்லாம் பெருமை வேற.

அந்தப் பையன் ஸ்கிரீனைப் பார்த்துட்டு சிரிச்சான். "இதை எதால எடுக்கிறது அக்கா, ஊசி முனையாலயா?" ஒரு சொட்டுத் தண்ணியே சுமார் 50 மைக்ரோலிட்டர். லேப்ல சாதாரணமா இருக்குற ரொம்பச் சின்ன பைப்பெட்டே 0.2-ல இருந்து 2 மைக்ரோலிட்டர் வரைக்கும்தான். அதுலயும் அடிமட்ட அளவை யாரும் நம்ப மாட்டாங்க. அவன் என்ன பண்றான்னு பார்த்தேன். ப்ரைமரை முதல்ல பத்து மடங்கு நீர்த்துக்கிறான், அப்புறம் 1.25 எடுக்கிறான். அதுக்கப்புறம், 24 சாம்பிளுக்குக் கலவை தயாரிக்கணும்னா 26-க்குச் செய்யுறான். ஏன்னு கேட்டேன். "பைப்பெட் நுனியில, டியூப் சுவர்ல கொஞ்சம் ஒட்டிக்கும்ல, கரெக்டா 24-க்குப் போட்டா கடைசி டியூபுக்குப் பத்தாது." அம்மா இட்லி மாவு கரைக்கும்போது ஆளுக்குக் கணக்குப் போட்டுட்டு ஒரு கரண்டி சேர்த்துக்கிறாங்களே, அதே அறிவு. இந்த ரெண்டு விஷயமும் எந்தப் பாடப்புத்தகச் சூத்திரத்துலயும் இல்ல. லேப்ல எல்லாருக்கும் தெரியும். எங்க டூலுக்கு மட்டும் தெரியல.

அடுத்த வெர்ஷன்ல, பைப்பெட்டால எடுக்க முடியாத அளவு வந்தா டூலே "முதல்ல நீர்த்துக்கோங்க"ன்னு சொல்லி, அந்தக் கணக்கையும் போட்டுக் கொடுத்துச்சு. பத்து சதவீதம் கூடுதலையும் தானே சேர்த்துச்சு, வேண்டாம்னா மாத்திக்கலாம். டெவலப்பருக்கு இது ரெண்டு நாள் வேலை. நாங்க வெளியிட்டதுலயே ரொம்பப் பாராட்டு வாங்கினது இதுதான்.

இப்படி நின்னு பார்த்ததுல சேர்ந்தது நிறைய. குளிர் அறைன்னு ஒண்ணு இருக்கும், 4 டிகிரியில, சுத்தி உலோகச் சுவர். உள்ள போனா வைஃபை செத்துடும். அப்போ இன்டர்நெட் இல்லாமலும் எழுத விடணும். க்ளவுஸ் போட்ட கையால கீபோர்டைத் தொட்டா, க்ளவுஸ்ல இருக்குற ரசாயனம் கீபோர்டுக்கு வரும், அங்கிருந்து அடுத்தவர் வெறுங்கைக்குப் போகும். அதனால ஒவ்வொரு தடவையும் க்ளவுஸைக் கழட்டணும். ஒரு ரீடிங்குக்கு ஆறு க்ளிக் கேட்டோம்னா, அவங்க டிஷ்யூ பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு விடுவாங்க, நியாயம்தானே? மைக்ரோகிராமுக்கு இருக்குற அந்த கிரேக்க எழுத்து, சில ஃபான்ட்ல போட்டுட்டு வேற ஃபான்டுக்கு மாத்தினா, சாதாரண ஆங்கில ‘எம்’ ஆயிடும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆயிடும், ஆயிரம் மடங்கு வித்தியாசம். அளவை டைப் பண்ண விடாம தேர்ந்தெடுக்க வைக்கணும்னு அப்போதான் புரிஞ்சது.

96 குழித் தட்டு இருக்கு பாருங்க, அது தனிக் கதை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டு. ஏ-ல இருந்து ஹெச் வரைக்கும் எட்டு வரிசை, 1-ல இருந்து 12 வரைக்கும் நிரல். ஒவ்வொரு குழியிலயும் வேற வேற திரவம் போகணும், எல்லாமே தண்ணி மாதிரி நிறமே இல்லாதது. நாப்பதாவது குழி போட்டுட்டு இருக்கும்போது யாராவது "டீ குடிக்கப் போலாமா"ன்னு கேட்டா போச்சு, எந்தக் குழியில விட்டோம்னு தெரியாது. நாங்க இதுக்கு ஸ்கிரீன்ல அழகா தட்டு மாதிரி படம் வரைஞ்சு, வண்ணம் கொடுத்து வச்சோம். பிரச்சினை என்னன்னா, அவங்க கண்ணு ஸ்கிரீன்ல இல்ல. தட்டுல இருக்கு. ஸ்கிரீனைப் பார்த்துட்டுத் திரும்ப தட்டைப் பார்க்கிற அந்த அரை நொடியிலதான் தப்பே நடக்குது.

இதுக்கு ஒரு அழகான பதில் ஏற்கெனவே இருந்துச்சு, எனக்குத்தான் தாமதமா தெரிஞ்சது. 2014-ல், அமெரிக்காவில் வைட்ஹெட் நிறுவனத்தில் யானிவ் எர்லிக்கோட குழு ஐபைப்பெட்னு ஒண்ணு செஞ்சாங்க. ஒரு வெப்சைட்தான். எந்தக் குழியில இருந்து எந்தக் குழிக்குப் போகணும்ங்கிற ஸ்பிரெட்ஷீட்டை அதுல ஏத்திட்டு, ஐபேட்ல திறக்கணும். ஐபேடை மேசையில படுக்க வச்சு, அதுக்கு மேலயே அந்த நிறமில்லாத தட்டை வைக்கணும். இப்போ எந்தக் குழியோ, அந்தக் குழிக்கு நேர் கீழ ஸ்கிரீன் வெளிச்சம் போடும். தட்டு கண்ணாடி மாதிரி இருக்குறதால வெளிச்சம் மேல தெரியும். ஊத்து, தட்டு, அடுத்த குழி. கண்ணை எடுக்கவே வேண்டாம். கோடிக்கணக்குல விலை போகுற ரோபோ செய்யுற வேலை இல்ல இது, ஆனா மனுஷன் தடுமாறுற அந்த ஒரு இடத்தைச் சரியா பிடிச்சிருக்காங்க. பிடிச்சதுக்குக் காரணம், அவங்களே அந்தத் தட்டுல பைப்பெட் பிடிச்சவங்கங்கிறதுதான்னு நான் நினைக்கிறேன்.

டைம்-அவுட்டை என்ன பண்ணினோம்னு கேப்பீங்க. "எடுத்துட்டோம்"னு சொல்லிட்டுப் போக ஆசைதான். அவ்வளவு சுலபம் இல்ல. லேப்ல ஒரு மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர், அதை அஞ்சாறு பேர் பகிர்ந்துக்கிறாங்க. லாக் அவுட் ஆகலைன்னா, அடுத்தவர் வந்து முந்தினவர் பேர்லயே எழுதிட்டுப் போயிடுவார். ஆய்வகக் குறிப்புல யார் எழுதினா, எப்போ எழுதினாங்கிறது சும்மா விஷயம் இல்ல. மருந்து ஆய்வுகள் மாதிரியான இடங்கள்ல சட்டமே கேக்கும், அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1997-லயே மின்னணுப் பதிவுகளுக்கு பார்ட் 11-னு விதி கொண்டுவந்திருக்கு. யார், எப்போ, என்ன மாத்தினாங்கன்னு தடம் இருக்கணும். அதனால, யாராவது எழுத எழுத எல்லாத்தையும் தானே மேல எழுதிச் சேமிக்கிறதும் தப்பு, பழையது அழிஞ்சுடும்.

கடைசியில இப்படி வந்து நின்னோம். ஒவ்வொரு எழுத்தும் அடிக்க அடிக்க வரைவா சேமிக்கப்படும், நெட் இல்லைன்னாலும். நேரமானா ஸ்கிரீன் பூட்டிக்கும், ஆனா வெளிய தள்ளாது. நாலு இலக்க எண்ணை அடிச்சா விட்ட இடத்துல நிக்கும். வேற ஆள் வந்தா அவங்க எண்ணுக்கு அவங்க பக்கம். இன்குபேட்டர்ல ஒரு மணி நேரம்னு எழுதினா, அந்த ஒரு மணி நேரமும் இவங்க திரும்ப வருவாங்கன்னு டூல் எடுத்துக்கும். "முடிச்சுட்டேன்"னு அவங்களே சொல்லும்போதுதான் அது பதிவா உறுதியாகும், அதுக்கப்புறம் மாத்தினா தடம் இருக்கும்.

இதைச் செய்ய எங்க டீமுக்கு நாலு மாசம் ஆச்சு. ஏன் அவ்வளவு நாள்னா, யாரும் கேக்கல. இந்த மாதிரி டூலை வாங்குறது லேப் தலைவர் இல்லைன்னா கொள்முதல் குழு. அவங்க பார்க்கிறது டெமோ. டெமோவுல யாரும் ஒரு மணி நேரம் சாப்பிடப் போக மாட்டாங்க. தினமும் பயன்படுத்துற மாணவருக்கு வாங்குற அதிகாரம் இல்ல, புகார் சொல்ற இடமும் இல்ல. அவங்க டிஷ்யூ பேப்பர்ல எழுதிக்குவாங்க. அந்த டிஷ்யூ பேப்பர் எங்க டேஷ்போர்டுல எங்கேயும் வராது. "ஆக்டிவ் யூசர்ஸ்" கிராஃப் மேல போயிட்டேதான் இருந்துச்சு, அந்தப் பன்னெண்டு டியூப் குப்பைக்குப் போன அன்னைக்கும்.

புது வெர்ஷன் வந்து கொஞ்ச நாள் கழிச்சு, அந்தப் பொண்ணைப் பார்க்கத் திரும்பவும் போனேன். பரிசோதனையை மறுபடியும் செஞ்சு முடிச்சிருந்தாங்க. டூலைத்தான் பயன்படுத்துறாங்க. இன்குபேட்டர்ல வச்சுட்டு, கையைக் கழுவிட்டு, ரெண்டு பேரும் சேர்ந்தே சாப்பிடப் போனோம். திரும்பி வந்து நாலு எண் அடிச்சாங்க, பன்னெண்டு வரியும் அப்படியே இருந்துச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கல.

அப்போதான் மானிட்டர் ஓரத்துல பார்த்தேன். செலோடேப் போட்டு ஒரு சீட்டு ஒட்டியிருந்தாங்க. கையெழுத்து அவங்களோடது. "சேவ் பண்ணிட்டுச் சாப்பிடப் போ." இனிமே இது தேவையில்லையே, எடுத்துடலாமேன்னு சொன்னேன். "இருக்கட்டும் அக்கா"ன்னாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். நீங்க லேப்ல வேலை பார்க்கிறவங்களா இருந்தா, உங்க ஃப்ரீசர் கதவுலயும் மானிட்டர் ஓரத்துலயும் என்னென்ன சீட்டு ஒட்டியிருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு எனக்கு எழுதுங்க.